மாலை அறிக்கையும் இறப்புப் பதிவேடும்

ஒரு மாநில அரசு பெருந்தொற்றை நன்றாகக் கையாண்டதா என்று யார் கேட்டாலும், அந்த மாநிலத்தின் இறப்புப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள், அப்புறம் பேசலாம் என்பேன். எத்தனை பேருக்குத் தொற்று என்பது எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தது. எத்தனை படுக்கை காலி என்பது எதையெல்லாம் படுக்கை என்று கணக்கில் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிராம நிர்வாக அலுவலரும் நகரத்துச் சுகாதார ஆய்வாளரும் எழுதும் இறப்புப் பதிவு அப்படி அல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும் அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

சென்னையில் ஒரு தமிழ் நாளிதழில் சுகாதாரச் செய்தியாளராக இருந்தேன். 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் இந்தக் கேள்வியோடுதான் கழிந்தன. கொரோனாவுக்கு முன்பும் இந்தத் துறையில் இதே சண்டை உண்டு. சிக்குன்குனியா வந்தபோதும் டெங்கு பரவியபோதும், நோயின் பெயரை அரசு ஒப்புக்கொள்ளாத இறப்புகளை ‘மர்மக் காய்ச்சல்’ என்று தலைப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள். கொரோனாவில் மாறியது அளவுதான். மாவட்டத்துக்குள் முடிந்துபோகிற தகராறு மாநிலம் முழுவதற்குமானதாக ஆயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதையே பேசினார்கள்.

தமிழ்நாட்டின் பலம் எதில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொலைக்காட்சி விவாதங்களில் அது விடுபட்டே போனது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் இங்கே 1922 முதல் இருக்கிறது. மருத்துவமனை நடத்துகிறவர்கள் வேறு. கொசுவையும் குடிநீரையும் கொள்ளைநோயையும் பார்க்கிறவர்கள் வேறு. சென்னை மாகாணம் 1939-இல் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது, அரசு திருத்தியது அந்த 1939 சட்டத்தைத்தான். ஆய்வகங்களும் அப்படியே. கிண்டி கிங் நிலையத்தில் தொடங்கி, அரசு மருத்துவக் கல்லூரிகள் வழியாகப் பரவி, 2020 ஜூலைக்குள் தனியாரையும் சேர்த்து நூறைத் தாண்டின. அத்தனையிலும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை. பல மாநிலங்கள் விரைவு ஆன்டிஜென் சோதனைக்கு இறங்கிச் சோதனை எண்ணிக்கையை ஏற்றிக் காட்டின. தொற்றுள்ள பலரை அந்தச் சோதனை தவறவிட்டுவிடும். தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. இதை ஒரு சாதனை என்றே கருதுகிறேன்.

மாலை அறிக்கைக்கு வருகிறேன். ஆறு மணியை ஒட்டி அது வரும். முதல் பக்கத்தில் அன்றைய தொற்று, மொத்தத் தொற்று, வீடு திரும்பியவர்கள், இறப்பு. நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் அந்தப் பக்கமே போதுமானதாக இருந்தது. “இன்னிக்கு எவ்வளவுப்பா?” என்று செய்தி ஆசிரியர் கேட்பார், எண்ணைச் சொன்னால் தலைப்பு முடிந்தது. கடைசிப் பக்கங்களில்தான் விஷயம் இருந்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்ன இணைநோய், என்ன தொந்தரவோடு எந்தத் தேதியில் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், மாதிரி முடிவு எப்போது வந்தது, எந்தத் தேதி எத்தனை மணிக்கு இறந்தார் என்பது வரை இருக்கும். பல மாநிலங்கள் மாவட்ட எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்ட காலத்தில் தமிழ்நாடு இதை நாள்தோறும் வெளியிட்டது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கு என்பதுதான்.

அந்தப் பத்திகளில் பார்க்க வேண்டிய இடைவெளிகள் இரண்டு. சேர்ந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்பது ஒன்று. சேர்ந்த அன்றே, மறுநாளே இறந்தவர்கள் ஒரு மாவட்டத்தில் கூடிக்கொண்டே போனால், அங்கே நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் என்று அர்த்தம். படுக்கை கிடைக்காமல் அலைந்திருக்கலாம், பயந்து வீட்டிலேயே கிடந்திருக்கலாம், ஆக்ஸிஜன் அளவு இறங்கியது தெரியாமலே இருந்திருக்கலாம். தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலங்களின் தொடர்பறியும் தரவுகளை வைத்து ரமணன் லக்ஷ்மிநாராயணன் குழு 2020 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: மருத்துவமனையில் இறந்தவர்களில் பாதிப்பேர் சேர்ந்த ஐந்து நாளுக்குள் இறந்திருந்தார்கள். நம் சுகாதாரச் செயலாளராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அந்த ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவர். தன் தரவை வெளியாருக்குத் திறந்துகொடுத்து, அதிலிருந்து தனக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்கிற அரசு எனக்கு மதிப்புக்குரியது.

இரண்டாவது இடைவெளி, இறந்த தேதிக்கும் அறிக்கையில் அது ஏறிய தேதிக்கும் நடுவில் இருப்பது. “இன்று இத்தனை பேர் பலி” என்று நாங்கள் எழுதியவர்களில் பலர் அன்று இறந்தவர்கள் அல்லர். சிலர் போன வாரம் இறந்திருப்பார்கள், சிலர் அதற்கும் முன்பு. அப்படியானால் இறப்பு குறைகிறது, கூடுகிறது என்று நாம் வரைகிற கோடு எதைக் காட்டுகிறது? இறப்பைக் காட்டுவதைவிட, தணிக்கை முடிந்து கோப்பு நகர்ந்த வேகத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. இறந்த தேதிவாரியாகப் பிரித்து எழுதினால்தான் ஒரு மாவட்டம் எப்போது மூழ்கியது என்பது தெரியும். அதைச் செய்ய நேரம் பிடிக்கும். அச்சுக்குப் போகிற அவசரத்தில் அதற்கு இடம் கேட்டு வாங்குவது பெரும் போராட்டம்.

2020 ஜூனில் வெடித்தது வேறொன்று. சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்த இறப்புகளில் இருநூறுக்கும் மேல் மாநில அறிக்கையில் இல்லை. அரசு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று, அதற்கு முன் விடுபட்ட 444 இறப்புகளை ஒரே நாளில் சேர்த்தார்கள். அன்றைய 74 இறப்புகளோடு சேர்த்து 518. மொத்தக் கணக்கு 2,626-இலிருந்து 3,144-க்குத் தாவியது. மறைத்தார்கள், மாட்டிக்கொண்டார்கள் என்று அன்றிரவு எல்லா அலைவரிசைகளிலும் பேச்சு. எனக்கு அன்றும் இன்றும் வேறு கருத்து. விட்டதைக் கண்டுபிடித்த செய்தியாளர்களுக்கும் மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் பெருமை உண்டு. விட்டதை ஒப்புக்கொண்டு எழுத்தில் திருத்திய அரசுக்கும் உண்டு. திருத்துகிறவரை அடித்தால் அடுத்த முறை எவரும் திருத்த மாட்டார்கள். 2021-இல் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

எல்லாச் சந்தேகமும் நியாயமானதாகவும் இருக்கவில்லை. 2020 ஜூலை 27 அன்று தமிழ்நாட்டில் 6,993 பேருக்குத் தொற்று. அதன் பிறகு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பெரும்பாலான நாட்கள் ஐந்தாயிரத்துச் சொச்சமாகவே வந்தன. உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று தேநீர்க்கடை முதல் தொலைக்காட்சி வரை பேசினார்கள். மாவட்ட அட்டவணையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரிந்தது. ஜூன் இறுதியில் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் போன சென்னை, ஆகஸ்டில் ஆயிரத்தைச் சுற்றி வந்துவிட்டது. சென்னை இறங்கிய இடத்தை மற்ற மாவட்டங்கள் நிரப்பின. மொத்தம் அசையாமல் நின்றது. சோதனையும் கூடிக்கொண்டிருந்ததால் நூறு மாதிரிக்கு எத்தனை தொற்று என்ற விகிதம் மெல்ல இறங்கியது. பொய்க்கணக்கு என்று நிரூபிக்க வேண்டுமானால் விகிதத்தில் நிரூபிக்க வேண்டும். யாரும் நிரூபிக்கவில்லை.

விவாத மேடைகளில் கேரளாவை இழுப்பது வாடிக்கை. 2020-இல் கேரளாவைப் பார், எவ்வளவு குறைவு என்றார்கள். 2021 ஜூலை, ஆகஸ்டில் நாட்டின் அன்றாடத் தொற்றில் பாதிக்கு மேல் கேரளாவிலிருந்து வந்தபோது, கேரளாவைப் பார், கெட்டுவிட்டது என்றார்கள். அதே சமயம் வெளியான ஐ.சி.எம்.ஆர். நான்காவது குருதி ஆய்வை யாரும் மேசையில் வைக்கவில்லை. நோய் எதிர்ப்புக் கூறு இருந்தவர்கள் நாடு முழுவதும் 67.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 69.2, கேரளாவில் 44.4. அங்கே இன்னும் பாதிக்கு மேற்பட்டோரை வைரஸ் தொடவே இல்லை. ஆகவே தொற்று நீடித்தது. தொற்று வந்தவர்களில் அதிகம் பேரைக் கண்டுபிடித்ததும் அந்த மாநிலம்தான். இங்கே தமிழ்நாட்டின் முதல் மாநில அளவிலான ஆய்வே, 2020 அக்டோபர், நவம்பரில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருப்பதாகக் காட்டியது. அறிக்கையில் ஏறியவர்கள் அதில் மிகச் சிறு பங்கு. எண்ணிக்கை அதிகமாகத் தெரிகிற மாநிலம் மோசமானது என்று எடுத்துக்கொண்டால், கண்ணை மூடிக்கொள்கிற மாநிலத்துக்குப் பரிசு கொடுப்பதாகிவிடும்.

2021 மே மாதத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் கை தளர்கிறது. ஏப்ரல் 6 தேர்தல். மே 7 புதிய அரசு. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று, சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு. பெரிய அரசு மருத்துவமனைகளின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளேயே ஆக்ஸிஜன் கொடுத்தபடி மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ரெம்டெசிவிர் குப்பிக்காக ஊர் ஊரிலிருந்து வந்தவர்கள் கீழ்ப்பாக்கத்திலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும் வெயிலில் நின்றார்கள். அந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. தாலியை அடகு வைத்துவிட்டு வந்து நின்ற பெண்களிடம் பேசியிருக்கிறேன். அந்த வரிசையை உருவாக்கியது ஒரு தவறான கொள்கை. சில நாட்களில் அரசு அதைக் கைவிட்டது சரி, முன்பே கைவிட்டிருக்க வேண்டும்.

கட்சிகள் இடம் மாறியதையும் பார்த்தேன். 2020-இல் இறப்புக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று எதிர்க்கட்சித் தலைவராக மு.க. ஸ்டாலின் கேட்டார். 2021-இல் இறப்புச் சான்றில் கொரோனா என்று குறிப்பிடுங்கள் என்று எதிர்க்கட்சித் தலைவராக எடப்பாடி பழனிசாமி கேட்டார். இருவர் கேட்டதும் நியாயம். 2020 ஜூன் முதல் சுகாதாரச் செயலாளர் இரண்டு ஆட்சியிலும் ஒருவரே. அறிக்கை தயாரித்த முறையும் ஒன்றே. ஆட்சியைப் பொறுத்து மாறாத ஒரு குறை இருக்கிறதென்றால் அதை முறைக்குள் தேட வேண்டும்.

அந்தக் குறை இங்கேதான். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் நான்காம் எண் படிவத்தில் காரணத்தை எழுத வேண்டும்: உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம். மூச்சு நின்றது முதல் வரி, நிமோனியா அடுத்த வரி, கொரோனா அடியில். அடிவரியை எழுதாமல் விட்டால் அது நிமோனியா இறப்பாகிவிடும். சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பாதிப்பு தெரிந்தும், ஆர்.டி.பி.சி.ஆர். ‘நெகட்டிவ்’ என்று வந்ததால் கணக்கில் ஏறாதவர்கள் மே மாதத்தில் ஏராளம். வீட்டில் இறந்தவர்களுக்குச் சோதனையே இல்லை. பதிவு செய்கிற ஒரு சுகாதார ஆய்வாளரிடம் இதைக் கேட்டேன்.

“சார், டாக்டர் எழுதிக் குடுக்கறத நான் பதியறேன். வீட்டுல போனா சொந்தக்காரங்க சொல்றதுதான் காரணம். ‘மூச்சு முட்டிப் போயிட்டாரு’ம்பாங்க. அதுக்கு நான் என்னன்னு எழுதறது? காரணத்த விடுங்க. ஆள் போனது போனதுதானே? அந்த எண்ணிக்கைய யாரும் என்கிட்ட மாத்தச் சொன்னதில்ல. போன வருஷம் மே மாசத்தையும் இந்த வருஷம் மே மாசத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.”

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான வழிகாட்டல் அவர் சொன்னது. காரணத்தைப் பற்றிய சண்டையை ஒதுக்கிவிட்டு, எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களை எண்ணி, முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடுவது. கவனம் தேவைப்படுகிற வேலை இது. இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும் என்பதால், வெளி மாவட்டத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து இறந்தவர்களும் சென்னைக் கணக்கில் இருப்பார்கள். ஊரடங்கில் சாலை விபத்து குறையும். தாமதப் பதிவு வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். இதையெல்லாம் கழித்துக் கூட்டித்தான் எழுத வேண்டும். குஜராத்தில் ‘திவ்ய பாஸ்கர்’ நாளிதழ் 2021 மே மாதம் இதைச் செய்தது. மார்ச் 1 முதல் மே 10 வரை அந்த மாநிலத்தில் கொடுக்கப்பட்ட இறப்புச் சான்றுகள் 1.23 லட்சம். முந்தைய ஆண்டின் அதே நாட்களில் 58,000. அரசு சொன்ன கொரோனா இறப்பு 4,218. மத்தியப் பிரதேசத்தின் பதிவுத் தரவை ஜூனில் வெளிக்கொண்டுவந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த தரவு இதழாளர் எஸ். ருக்மிணி. தமிழ்நாட்டில் அறப்போர் இயக்கம் அரசு மருத்துவமனைகளின் இறப்புச் சான்று எண்ணிக்கையை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டது. இவர்கள் எல்லோரும் அமைச்சர்களிடம் பேட்டி கேட்டு நிற்காமல் பதிவேட்டிடம் போனவர்கள்.

செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தால் இருப்பவர்களை யார் காப்பாற்றுவது என்று ஓர் உயரதிகாரி என்னிடம் கோபப்பட்டார். தூங்காத கண்ணோடு பேசியவர் அவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எண்ணாமல் எப்படிக் காப்பாற்றுவது? மே கடைசியில் சென்னை இறங்கும்போது மேற்கு மாவட்டங்கள் ஏறின. அன்றாடத் தொற்றில் கோவை சென்னையைத் தாண்டியது. முதலமைச்சர் மே 30 அன்று பாதுகாப்பு உடை அணிந்து கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனை வார்டுக்குள் போய்ப் பார்த்தார். ஆக்ஸிஜனும் மருத்துவர்களும் எந்த மாவட்டத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதை இறப்பு முன்கூட்டியே சொல்லாது, உண்மைதான். எங்கே போய்ச் சேரவில்லை என்பதை அது மட்டுமே சொல்லும்.

குடும்பங்களுக்கு அந்த எண்ணிக்கை சோறு. பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் 3 லட்சம் என்று தமிழ்நாடு அரசு 2021 மே 29 அன்று அறிவித்தது. நல்ல திட்டம். மறுநாள் முதல் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு அழைப்புகள். ஓர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். “தம்பி, கொரோனா வார்டுலதான்ப்பா மருமகன வெச்சிருந்தாங்க. எங்கள உள்ளயே விடல. பேப்பர்ல நிமோனியான்னு போட்டுக் குடுத்துட்டாங்க. பேத்திக்கு அந்தப் பணம் வருமா?” 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குடும்பத்துக்குக் கொடுக்கும் சான்றில் இறப்பின் காரணமே இருக்காது. மருத்துவமனை கொடுத்த சுருக்கத் தாள் ஒன்றுதான் அந்த அம்மாவின் கையில் இருந்த ஆதாரம்.

உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று தலையிட்டதால்தான் வழி பிறந்தது. தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், எங்கே இறந்திருந்தாலும் கொரோனா இறப்புதான் என்று செப்டம்பரில் விதி வந்தது. மாவட்டந்தோறும் குழு, குடும்பத்துக்கு 50,000 ரூபாய். குஜராத்தின் அரசுக் கணக்கு ஏறத்தாழ பத்தாயிரம். அங்கே வந்த விண்ணப்பங்கள் 89,000-க்கும் மேல். கேரளா மேல்முறையீடுகளை ஏற்று விடுபட்ட ஆயிரக்கணக்கான இறப்புகளைத் தன் மொத்தக் கணக்கிலேயே நாள்தோறும் சேர்த்தது. அப்படிச் சேர்த்ததற்காக அது மறுபடியும் வசை வாங்கியது. சரியான காரியத்தைச் செய்தது.

சென்னைக்கான விடை 2022-இல் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில் வந்தது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை, வழக்கத்தைவிட அதிகமாக இந்த நகரத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர், ஆயிரம் பேருக்கு ஐந்துக்கும் சற்று மேல். மாலை அறிக்கை அதே காலத்துக்குச் சென்னைக்குக் காட்டிய இறப்பு இதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. அந்த ஆய்வுக்கான தரவு வெளிநாட்டிலிருந்து வரவில்லை. நம் மாநகராட்சிப் பதிவேட்டிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. சோதனைத் தரத்திலும், அரசு மருத்துவமனை ஏழைக்குக் கதவைத் திறந்துவைத்ததிலும், கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் உழைத்த உழைப்பிலும் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் நின்றது. இறப்பைக் கணக்கிடுவதில் 2020-இல் ஒருமுறை நேர்மையாகத் திருத்திக்கொண்டது; 2021-இன் பேரிழப்புக்கு அப்படிப்பட்ட திருத்தம் இன்றுவரை வரவில்லை. மாநிலத்தின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 38,000-ஐ ஒட்டி நின்றுவிட்டது. விடுபட்டவர்களின் குடும்பங்கள் நம்மோடுதான் வாழ்கின்றன.

தமிழ்நாட்டில் பிறப்பு, இறப்புக்கான தலைமைப் பதிவாளர் பொதுச் சுகாதார இயக்குநரேதான். தொற்றைத் தடுக்கிற அலுவலகமும் பதிவேட்டை வைத்திருக்கிற அலுவலகமும் ஒன்று. மாவட்டவாரியாக, மாதவாரியாக எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அடுத்த தொற்றுக்குக் காத்திருக்காமல் அந்த ஆணையை இப்போதே பிறப்பிக்கும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.